எலிசபெத் காலத்தில் நாடகம் பார்க்க ஆன செலவு: ஒரு பென்னியும் ஓர் அரை நாளும்

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவர் காலத்து லண்டன் மக்கள் ஒரு பென்னி கொடுத்துப் பார்த்தார்கள் என்ற செய்தி அடிக்கடி சொல்லப்படுகிறது. செய்தி சரியானதுதான். ஆனால் அதைப் படிப்பவர்கள் எதிரெதிரான இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். பென்னி என்றாலே கணக்கில் கொள்ள வேண்டாத சில்லறை, ஆகவே நாடகம் ஏறத்தாழ இலவசம் என்று சிலர் நினைக்கிறார்கள். நானூறு ஆண்டு விலையேற்றத்தைக் கணக்கிட்டு, அந்த ஒரு பென்னி இன்று இத்தனை ரூபாய் என்று சொல்லி, ஏழைகளால் அரங்கத்துக்குள் நுழைந்திருக்கவே முடியாது என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். இரு சாராரும் வாசலில் கொடுத்த நாணயத்தை மட்டுமே பார்க்கிறார்கள். நாடகம் பகல் 2 மணி அளவில், வேலை நாளில், வெயில் வெளிச்சத்தில் நடந்தது. பிற்பகலை அரங்கத்தில் கழித்தவர் அந்தப் பிற்பகலின் கூலியையும் சேர்த்தே செலவழித்தார். அதையும் கூட்டிப் பார்த்தால்தான், யார் நாடகம் பார்த்தார்கள், நகராட்சி ஏன் அதை அவ்வளவு எதிர்த்தது, அரங்க உரிமையாளர்கள் ஏன் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தவில்லை என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

பென்னி என்பது எவ்வளவு

முதலாம் எலிசபெத் 1558 முதல் 1603 வரை ஆண்டார். அவர் காலத்தில் 12 பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். அதாவது ஒரு பவுனுக்கு 240 பென்னி. பென்னி அப்போது வெள்ளி நாணயம். அதன் எடை ஏறத்தாழ அரை கிராம். அரசியின் தந்தை எட்டாம் ஹென்றியும் தம்பி ஆறாம் எட்வர்டும் மட்டமான உலோகத்தைக் கலந்து சீரழித்திருந்த நாணயங்களை 1560, 1561 ஆண்டுகளில் திரும்பப் பெற்று, மீண்டும் நல்ல வெள்ளியில் அச்சிடச் செய்தார் எலிசபெத். முக்கால் பென்னியும் அரைப் பென்னியும்கூட வெவ்வேறு காலங்களில் அச்சிடப்பட்டன. ஆனால் கால் கிராம் எடையுள்ள ஒரு வெள்ளித் துணுக்கை நெரிசலான வாசலில் எண்ணி வாங்குவது எளிதான வேலையாக இருந்திருக்காது. அரங்க வாசலுக்குப் பொருந்திய மிகச்சிறிய நாணயம் பென்னியே என்று கொள்ளலாம்.

அந்த நாணயத்தின் கனத்தை அறிய, அன்றைய வருமானங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

1. லண்டனில் தச்சர், கொத்தனார் போன்ற தேர்ந்த கைவினைஞரின் நாட்கூலி 1590களில் ஏறத்தாழ 12 முதல் 16 பென்னி.
2. அவர்களுக்குக் கீழே வேலை செய்த சிற்றாளின் நாட்கூலி ஏறத்தாழ 8 முதல் 10 பென்னி.
3. அரசியின் படையில் காலாள் வீரரின் நாட்சம்பளம் 8 பென்னி.
4. தொழில் பயிலுநருக்குக் கூலியே கிடையாது. உணவு, உடை, இருப்பிடம் மூன்றையும் அவருடைய தொழில் ஆசான் கொடுத்தார்.

ஆக, ஒரு பென்னி என்பது கைவினைஞரின் நாட்கூலியில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு, சிற்றாளின் கூலியில் எட்டில் ஒரு பங்கு. பவுனை ரூபாயாக மாற்றி இன்றைய விலை சொல்லும் கணக்குகள் இந்த இடத்தில் பெரிதும் ஏமாற்றுகின்றன. அன்று உணவு வருமானத்தின் பெரும்பகுதியைத் தின்றது, மனித உழைப்போ மலிவாக இருந்தது. இரண்டையும் ஒரே விலைக் குறியீட்டால் அளந்தால் எந்த எண் வேண்டுமானாலும் வரும். தம்முடைய ஒருநாள் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்ப்பவருக்கு, நாணய மாற்றுக் கணக்கைவிட உண்மைக்கு நெருக்கமான விடை கிடைக்கும்.

வாசலுக்கு வாசல் ஒரு நாணயம்

1576-இல் ஜேம்ஸ் பர்பேஜும் அவருடைய மைத்துனர் ஜான் பிரெய்னும் நகர எல்லைக்கு வடக்கே ஷோர்டிச்சில் ‘தியேட்டர்’ என்றே பெயரிட்ட அரங்கத்தைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே அதன் அருகில் ‘கர்ட்டன்’ எழுந்தது. தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் 1587-இல் ‘ரோஸ்’, 1595-இல் ‘ஸ்வான்’, 1599-இல் ‘குளோப்’ ஆகியவை வந்தன. 1600-இல் வடக்கே ‘ஃபார்ச்சூன்’ கட்டப்பட்டது. எல்லாமே நடுவில் வானம் பார்த்த முற்றமும், அதைச் சுற்றி அடுக்கடுக்கான மாடங்களும் கொண்டவை. முன்பதிவும் அச்சிட்ட சீட்டும் அங்கே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்று காசு வாங்கினார். அப்படி நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலிருந்து வந்த தாமஸ் பிளாட்டர் என்ற பயணி 1599-இல் இந்த முறையைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். கெண்ட் மாவட்டத்தைப் பற்றி எழுதிய வில்லியம் லாம்பார்டும் 1590களில் ஏறத்தாழ இதையே சொல்கிறார். இருவர் குறிப்பையும் சேர்த்தால் ஏணிப்படி போன்ற ஓர் அமைப்பு தெரிகிறது.

1. முதல் வாசலில் ஒரு பென்னி. அது முற்றத்தில் நின்று பார்க்கும் உரிமையைத் தந்தது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.
2. மாடத்துக்குச் செல்லும் வாசலில் இரண்டாவது பென்னி. தலைக்கு மேல் கூரையும் உட்கார இடமும் கிடைத்தன.
3. இன்னொரு வாசலில் மூன்றாவது பென்னி. திண்டு போட்ட இருக்கை, நன்றாகப் பார்க்கும் இடம். பிளாட்டரின் சொற்படி, பிறர் தம்மைப் பார்க்கும் இடமும் அதுவே.
4. பிரபுக்களுக்கும் செல்வந்தர்களுக்கும் மேடையை ஒட்டிய தனி அறைகள். அவற்றுக்கு 6 பென்னி அளவில் கட்டணம் இருந்தது.

ஃபார்ச்சூன் அரங்கத்துக்காக 1600 ஜனவரியில் தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டுடன் செய்துகொண்ட 440 பவுன் ஒப்பந்தத்தில், கனவான்களுக்கான அறைகளும் ‘இரண்டு பென்னி அறைகளும்’ தனித்தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளன. கட்டணம் கட்டடத்தின் அங்கத்துக்கே பெயராகும் அளவுக்கு அந்த விலைகள் நிலைத்துவிட்டன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வாங்கிய காசு சுட்ட மண் உண்டியல்களில் விழுந்தது. மேலே ஒரு பிளவு மட்டுமே கொண்ட, பச்சை மெருகு பூசிய சிறு கலயங்கள் அவை. உடைத்தால்தான் காசை எடுக்க முடியும். வாசலில் நிற்பவர் கையாடாமல் இருக்க இது போதுமான பாதுகாப்பு. 1989-இல் ரோஸ் அரங்கத்தின் அடித்தளம் அகழப்பட்டபோது இத்தகைய உண்டியல்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன.

ரொட்டி சுருங்கியது, பென்னி மாறவில்லை

1576-க்கும் 1603-க்கும் இடையில் பொருள்களின் விலை கடுமையாக ஏறியது. குறிப்பாக 1594 முதல் 1597 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. 1597-இல் கூலியின் வாங்கும் திறன் அந்த நூற்றாண்டிலேயே மிகத் தாழ்ந்த நிலைக்குச் சென்றதாகப் பொருளாதார வரலாற்றாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளிலும் முற்றத்துக்கான கட்டணம் ஒரு பென்னியாகவே இருந்தது.

அன்றைய ரொட்டி விற்பனையை அறிந்தால் இதன் பொருள் விளங்கும். இங்கிலாந்தில் ரொட்டியின் விலையைச் சட்டம் மாற்றவில்லை, எடையைத்தான் மாற்றியது. ஒரு பென்னி ரொட்டி எப்போதும் ஒரு பென்னிதான்; தானியம் மலிந்தால் ரொட்டி பருக்கும், தானியம் அருகினால் ரொட்டி சிறுக்கும். ஆகவே பஞ்ச ஆண்டில் அரங்க வாசலில் நின்ற தொழிலாளியின் முன்னால் இருந்த தேர்வு மிகவும் நேரடியானது: இந்தப் பென்னிக்குக் கையளவாய்ச் சுருங்கிப்போன ரொட்டியா, இரண்டு மூன்று மணி நேர நாடகமா? முன்பு போலவே முழுதாகக் கிடைத்தது நாடகம் மட்டுமே. கூலியோடு ஒப்பிட்டால் அரங்கம் மலிவாகவே இருந்தது, ஆனால் வயிற்றோடு ஒப்பிட்டால் அந்தப் பென்னியைப் பிரிவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போனது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ‘மலிவு’ என்போரும் ‘விலை அதிகம்’ என்போரும் சண்டையிடுவது இந்த இடத்தில்தான்.

சட்டமே விலை குறித்த ஒரு மணி நேரம்

இனி, வாசலில் யாரும் வாங்காத, ஆனால் பார்வையாளர் கட்டாயம் கொடுத்த செலவுக்கு வருவோம்.

1563-இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை விரிவாக வரையறுத்தது. மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை, கூலியாள் காலை 5 மணிக்குள் வேலையில் இருக்க வேண்டும். மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடைப்பட்ட நேரம் வரை வேலை செய்ய வேண்டும். உணவுக்கும் பானத்துக்கும் ஓய்வுக்குமாகச் சேர்த்து இரண்டரை மணி நேரம்தான். குளிர்காலத்தில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. வராமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியிலிருந்து ஒரு பென்னி பிடித்தம் செய்யப்படும்.

கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பென்னி என்று சட்டமே விலை எழுதிவிட்டது. காலை 5 முதல் மாலை 7 வரை 14 மணி நேரம். இடைவேளை போக பதினொன்றரை மணி நேரம். பிற்காலத்தில் 12 பென்னி வாங்கிய கைவினைஞருக்கு அது ஏறத்தாழ மணிக்கு ஒரு பென்னி என்று சரியாகவே வந்தது. 8 பென்னி மட்டும் வாங்கிய சிற்றாளோ ஒரு மணி நேரத்தில் முக்கால் பென்னிகூடச் சம்பாதிக்கவில்லை. வராத மணி நேரத்துக்கு அவர் இழக்க வேண்டியது சம்பாதித்ததைவிட அதிகம். சட்டம் எழுதியபடியே எங்கும் நடைமுறைப்படுத்தப்பட்டது என்று கொள்ளத் தேவையில்லை. ஆனாலும் அன்றைய நேரத்தின் மதிப்பை அறிய இதைவிட நேரான அளவுகோல் கிடைப்பது அரிது.

இதை வைத்து, கோடையில் ஒரு கைவினைஞர் வேலை நாளில் நாடகம் பார்த்தால் ஆகும் செலவை இப்படிக் கணக்கிடலாம்.

1. முற்றத்தில் நிற்க: 1 பென்னி.
2. அரங்கத்துக்கு நடந்து போய், நாடகத்தையும் அதன் முடிவில் ஆடும் கூத்தையும் பார்த்துத் திரும்ப ஏறத்தாழ 4 மணி நேரம். இழந்த கூலி: 4 பென்னி.
3. வேலை கொடுத்தவர் அரை நாள் கூலியையே நிறுத்திவிட்டால்: 4 பென்னிக்குப் பதில் 6 பென்னி.

ஆக, ‘ஒரு பென்னி நாடகம்’ என்பது உழைப்பவருக்கு உண்மையில் 5 முதல் 7 பென்னி நாடகம். நாட்கூலியில் பாதி. மாடத்தில் அமர்ந்த கனவானுக்கோ, பிற்பகல் முழுவதும் அவருடையதே என்பதால், 3 பென்னி கொடுத்தால் செலவு 3 பென்னிதான். சட்டக் கல்விக் கூடங்களில் பயின்ற செல்வர் வீட்டு இளைஞர்கள் அரங்கங்களில் நிறைந்திருந்ததற்கு இலக்கிய ஆர்வம் ஒரு காரணம் என்றால், ஓய்வு மற்றொரு காரணம்.

இந்தக் கணக்கை உறுதிப்படுத்தும் ஆவணம் ஒன்று தப்பிப் பிழைத்திருக்கிறது. ரோஸ் அரங்கத்தின் உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோ 1592 முதல் தம் வரவு செலவுகளை எழுதி வைத்த கணக்கேடு அது. அதில் ஈஸ்டரை அடுத்த நாட்களிலும் விட்சன் வாரத்திலும், அதாவது மக்கள் வேலைக்குப் போகாத பண்டிகை நாட்களில், வசூல் குறிப்பிடத்தக்க அளவு உயர்கிறது. அந்த நாட்களில் நுழைவுக் கட்டணம் குறையவில்லை. குறைந்தது நேரத்தின் விலை மட்டுமே. வேலையில்லாத, அல்லது வேலை மந்தமான நாட்களில் கைவினைஞர்கள் வந்திருப்பார்கள் என்று கருதவும் இது இடம் தருகிறது. கட்டட வேலை அன்று ஆண்டு முழுவதும் சீராகக் கிடைத்ததில்லை.

பயிலுநரின் பிற்பகல் யாருடையது

இந்த நேரக் கணக்கு லண்டன் நகராட்சியின் கோபத்தையும் விளக்குகிறது. 1570கள் முதல் நகரத் தந்தையர் நாடகங்களை எதிர்த்து அரசியின் ஆலோசனை மன்றத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். கொள்ளைநோய் பரவும், ஒழுக்கம் கெடும், கலகம் மூளும் என்ற காரணங்களோடு, பயிலுநர்களையும் வேலையாட்களையும் தொழிலிலிருந்து இழுத்துச் செல்கிறது என்ற குற்றச்சாட்டும் தவறாமல் இடம்பெற்றது. இதை மதவாதிகளின் வெறுப்பு என்று மட்டும் படிப்பது போதாது. பயிலுநருக்குக் கூலி இல்லை என்பதால் அவருக்குப் பிடித்தமும் இல்லை; அவர் அரங்கத்தில் கழித்த நான்கு மணி நேரத்தின் விலையை அவருடைய தொழில் ஆசான் கொடுத்தார். அந்த ஆசான்கள்தான் தங்கள் தொழில் குழுமங்களின் (கில்டுகளின்) வழியே நகராட்சியை நடத்தியவர்கள். தம் கையிலிருந்து போகும் பணத்தைப் பற்றியே அவர்கள் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடத்தினால் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கும். ஆனால் அது வழிபாட்டு நாள். 1583 ஜனவரி 13 ஞாயிறன்று தேம்ஸின் தென்கரையில் இருந்த பாரிஸ் கார்டனில் கரடிச் சண்டை பார்க்கக் கூடியிருந்தவர்களின் மேல் மாடம் சரிந்து பலர் இறந்தார்கள். அதைக் கடவுளின் தண்டனை என்று எடுத்துரைத்தவர்களின் கை ஓங்கியது. வாரத்தில் உழைப்பவருக்குக் கூலி இழப்பு இல்லாத ஒரே நாள் இவ்வாறு அடைபட்டது.

ஆறும் தீனியும்

தென்கரை அரங்கங்களுக்கு லண்டன் பாலம் வழியாக நடந்தே போகலாம். படகில் கடந்தால் வழக்கமாக ஒரு பென்னி, திரும்ப இன்னொரு பென்னி. அதாவது முற்றத்தில் நிற்கும் செலவைப் போல் இரு மடங்கு. இந்த வருமானம் படகோட்டிகளுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், 1590களின் தொடக்கத்தில் ரோஸ் அரங்கம் மூடப்பட்டபோது அதைத் திறக்கச் சொல்லிக் கடற்படைத் தலைவரிடம் அவர்களே மனுக் கொடுத்தார்கள். அரங்கத்துக்குள் தின்பண்டங்களும் பானங்களும் காசுக்குக் கிடைத்தன என்று பிளாட்டர் எழுதுகிறார். ரோஸ் அகழாய்வில் கொட்டை ஓடுகளும் சிப்பி ஓடுகளும் கிடைத்துள்ளன.

ஒரு பென்னியை நம்பிய தொழில்

அரங்க உரிமையாளர்கள் ஏன் இரண்டு பென்னி வாங்கவில்லை? உழைப்பவரின் மொத்தச் செலவு ஏற்கெனவே அரை நாள் கூலியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, வாசல் கட்டணத்தை உயர்த்தினால் முற்றம் காலியாகும் என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆகவே அவர்கள் கூட்டத்தின் அளவையே நம்பினார்கள். 1596-இல் ஸ்வான் அரங்கத்தைப் பார்த்த டச்சுப் பயணி யோகான்னஸ் டி விட், அதில் 3000 பேர் இருக்கலாம் என்று எழுதினார். நூற்றாண்டின் முடிவில் லண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 லட்சம். அதே மக்களை மீண்டும் மீண்டும் வரவழைக்க வேண்டும் என்பதால், ஒரே நாடகத்தை அடுத்தடுத்த நாட்களில் நடத்துவதே அரிது. இன்று ஒன்று, நாளை வேறொன்று; இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு புத்தம் புதிய நாடகம். எலிசபெத் காலத்தில் இவ்வளவு நாடகங்கள் எழுதப்பட்டதற்கு இந்த ஒரு பென்னிப் பொருளாதாரம் முதன்மையான காரணம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புதிய நாடகம் கூட்டத்தை இழுத்தது. 1592 மார்ச் 3 அன்று ரோஸில் ‘ஆறாம் ஹென்றி’ என்ற புதிய நாடகத்துக்கு ஹென்ஸ்லோ எழுதிய வரவு 3 பவுன் 16 ஷில்லிங் 8 பென்னி, அதாவது 920 பென்னி. இது மாட வசூலில் அவருடைய பாதிப் பங்கு மட்டுமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. முற்றத்துப் பணமும் மாட வசூலின் மறுபாதியும் நடிகர்களுக்குச் சேர்ந்தன. அந்தப் பணத்திலிருந்துதான் அவர்கள் உடைகள் வாங்கினார்கள், கூலி நடிகர்களுக்குக் கொடுத்தார்கள், எழுத்தாளருக்கு ஒரு நாடகத்துக்கு 6 பவுன் அளவில் கொடுத்தார்கள். நாடகத்தைப் படித்து அனுமதி வழங்கிய அரண்மனை அதிகாரி எட்மண்ட் டில்னிக்கு 7 ஷில்லிங் தனி. 1599-இல் குளோப் கட்டப்பட்டபோது ஜேம்ஸ் பர்பேஜின் மகன்கள் இருவரும் பாதியும், ஷேக்ஸ்பியர் உள்ளிட்ட ஐந்து நடிகர்கள் மறுபாதியும் பங்கிட்டுக்கொண்டதால், நடிகர்களே முதன்முறையாகக் கட்டடத்தின் வருமானத்திலும் பங்கு பெற்றார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 1601 பிப்ரவரி 7-ஆம் நாள் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியும். எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர்கள், அரசிக்கு எதிரான தங்கள் கிளர்ச்சிக்கு முந்தைய நாள், அரசன் பதவி இழக்கும் ‘இரண்டாம் ரிச்சர்ட்’ கதையை நடத்தச் சொல்லிக் குளோப் நடிகர்களை அணுகினார்கள். அது பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் தயங்கினார்கள். வழக்கமான வருமானத்துக்கு மேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டதாக, நடிகர் அகஸ்டின் பிலிப்ஸ் விசாரணையில் சொன்னார். 40 ஷில்லிங் என்பது 480 பென்னி, அதாவது முற்றத்தில் வராமல் போகக்கூடிய 480 பேர். அரசியல் ஆபத்து நிறைந்த அந்தப் பேரத்திலும் நடிகர்கள் முன்வைத்த தடை அன்றாட வசூலைப் பற்றியதாகவே இருந்தது.

கூரைக்குள் இன்னொரு விலை

1596-இல் ஜேம்ஸ் பர்பேஜ், நகர மதிலுக்குள் இருந்த பழைய பிளாக்ஃபிரையர்ஸ் மடத்தின் ஒரு பகுதியை 600 பவுனுக்கு வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாடகம் நடத்தும் கூரையுள்ள அரங்கமாக மாற்றினார். அக்கம்பக்கத்துச் செல்வந்தர்கள் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். பர்பேஜின் குழுவுக்குப் புரவலராக இருந்த ஹன்ஸ்டன் பிரபுவே அதில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர். 1600-இல் அந்த இடம் சிறுவர் நாடகக் குழுவுக்கு வாடகைக்குப் போனது. எலிசபெத் இறந்த பிறகு, 1608-இல்தான் ஷேக்ஸ்பியரின் குழு அதைத் திரும்பப் பெற்றது.

அங்கே மிகக் குறைந்த கட்டணமே 6 பென்னி. நல்ல இருக்கைக்கு இரண்டரை ஷில்லிங், அதாவது 30 பென்னி வரை. கைவினைஞரின் அரை நாள் கூலி வாசலிலேயே போய்விடும். நேரத்தின் விலை அதற்கு மேல். நின்று பார்க்கும் முற்றம் அங்கே இல்லவே இல்லை. சில நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய அந்த அரங்கம், குளோபைவிடக் கூடுதலாகவே சம்பாதித்துக் கொடுத்தது.

ஆயினும் 1613 ஜூன் 29 அன்று நாடகத்தின்போது வெடித்த பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த புல்லில் பற்றிக் குளோப் எரிந்து சாம்பலானபோது, பங்குதாரர்கள் பிளாக்ஃபிரையர்ஸோடு நின்றுவிடவில்லை. பெரும் பணம் போட்டு, இம்முறை ஓடு வேய்ந்த கூரையோடு, அதே இடத்தில் குளோபை மீண்டும் எழுப்பினார்கள். 1614-இல் திறந்த அந்தப் புதிய கட்டடத்திலும் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. நின்று பார்ப்பவர்கள் வந்தார்கள்.